சி.எம்.ஏ. படிப்பு: பழைய புத்தகம் எங்கே உதவும், எங்கே உதவாது?



பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த பிள்ளை உள்ள வீட்டில் சி.ஏ. பற்றிய பேச்சு தானாகவே வந்துவிடும். சி.எம்.ஏ. பற்றிய பேச்சு அவ்வளவாக வருவதில்லை. நம் பெரியவர்கள் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்று சொல்லி வந்த படிப்புதான் இது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் இதை நடத்துகிறது. 2012-இல் அந்நிறுவனத்தின் பெயர் மாறியது. 2016-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின் இடத்தில் இப்போது 2022-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது.

அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ படித்த புத்தகத்தை வாங்கிப் படிப்பது நம் வீடுகளில் நல்ல வழக்கம். ஆனால், பாடத்திட்டம் மாறியதை அறியாமல் அப்படிப் படித்தால் ஆறு மாத உழைப்பு வீணாகலாம். எனவே, மாறியவை எவை, மாறாதவை எவை என்று இங்கே பார்ப்போம்.

படிப்பின் அமைப்பு

மூன்று நிலைகள். அடிப்படை நிலையில் 4 தாள்கள். எல்லாம் கொள்குறி வினாக்கள். இடைநிலையில் 8 தாள்கள், இரண்டு குரூப். இறுதி நிலையிலும் 8 தாள்கள், இரண்டு குரூப். தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் அடிப்படை நிலையில் தொடங்க வேண்டும். பட்டதாரிகள் நேரே இடைநிலையில் சேரலாம்.

மாறியவை

முதலாவது, வரி. பழைய இடைநிலையில் நேர்முக வரி ஒரு தாள், மறைமுக வரி இன்னொரு தாள். இப்போது இரண்டும் ஒரே தாள். ஒவ்வொன்றின் ஆழமான பகுதியை இறுதி நிலையில் தனித்தனித் தாளாகப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, மேலாண்மைக் கணக்கியல். முன்பு இடைநிலையில் இது நிதி மேலாண்மையோடு சேர்ந்து ஒரே தாளாக இருந்தது. இப்போது தனித்தாள். நிதி மேலாண்மையுடன் வணிகத் தரவுப் பகுப்பாய்வு சேர்ந்திருக்கிறது. இந்தப் பகுப்பாய்வுப் பகுதிக்குப் பழைய புத்தகம் உதவாது.

மூன்றாவது, விருப்பத்தாள். பழைய இறுதி நிலையில் எட்டாவது தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். இப்போது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: செயல்திறன் மேலாண்மையும் தொழில் மதிப்பீடும், வங்கி, காப்பீட்டில் இடர் மேலாண்மை, தொழில்முனைவும் ஸ்டார்ட்அப்பும். எந்தத் துறையில் வேலை தேடப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. நண்பன் எடுத்தான் என்பதற்காக எடுக்கக் கூடாது.

ஒரு சிறு பாடம்

மேலாண்மைக் கணக்கியலுக்கு ஏன் தனித்தாள்? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஆம்பூரில் ஒரு சிறு செருப்புப் பட்டறை மாதம் 1,000 ஜோடி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோல், கூலி முதலிய மாறும் செலவு ஜோடிக்கு 280 ரூபாய். வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம் முதலிய நிலையான செலவு மாதம் 70,000 ரூபாய்; ஜோடிக்கு 70 ரூபாய். ஆக அடக்கவிலை 350 ரூபாய்.

வெளியூர் வியாபாரி ஒருவர் 300 ஜோடி கூடுதலாகக் கேட்கிறார். 320 ரூபாய்தான் தருவேன் என்கிறார். ஏற்கலாமா? அடக்கவிலையை மட்டும் பார்த்தால் ஜோடிக்கு 30 ரூபாய் நட்டம். ஆனால் வாடகையும் சம்பளமும் இந்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அதேதான். கூடுதலாக ஆகும் செலவு 84,000 ரூபாய். வரவு 96,000 ரூபாய். மிச்சம் 12,000 ரூபாய். இயந்திரமும் ஆளும் சும்மா இருக்கும் மாதமாக இருந்து, வழக்கமான வாடிக்கையாளர்கள் விலைக்குறைப்புக் கேட்க வழி ஏற்படாது என்றால் ஏற்கலாம். இல்லையென்றால் மறுப்பதே நல்லது.

அடக்கவிலைக் கணக்கு 350 என்ற எண்ணைத் தருகிறது. அந்த எண்ணை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று சொல்வது மேலாண்மைக் கணக்கியல். எந்த மாதத்தில் ஆள் சும்மா இருப்பார்கள் என்பதைப் பழைய விற்பனைப் பதிவிலிருந்து கண்டறிய உதவுவது தரவுப் பகுப்பாய்வு. இப்படிப் பார்த்தால் புதிய பாடங்களுக்கான காரணம் புரியும்.

மாறாதவை

அடக்கவிலைக் கணக்கியல், நிதிக் கணக்கியல் ஆகியவற்றின் அடிப்படைகள் மாறவில்லை. பழைய புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைத் தயங்காமல் போட்டுப் பாருங்கள். வரிப் புத்தகம் மட்டும் பாடத்திட்டம் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் பழசாகிவிடும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அமைந்தது. உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை நிறுவன அறிவிப்பில் பார்த்த பிறகே படிக்கத் தொடங்குங்கள்.

தேர்ச்சி விதியும் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். நான்கு தாளிலும் 40 வாங்கினால் 160 தான் வரும்; தேவை 200. ஒரு தாளிலாவது நல்ல மதிப்பெண் எடுக்கத் திட்டமிட வேண்டும். குரூப் தவறினாலும் 60 வாங்கிய தாளுக்கு விலக்கு கிடைக்க வழி உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள்

விளம்பரங்களில் வரும் சி.எம்.ஏ. எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்க நிறுவனம் நடத்தும் சி.எம்.ஏ.யில் இரண்டே பகுதிகள். அதுவும் மதிப்புள்ள படிப்பே. ஆனால் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 148-இன்படி அடக்கவிலைத் தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமை இந்திய நிறுவனத்தின் உறுப்பினராகித் தொழில் செய்பவருக்கே உண்டு. பணம் கட்டும் முன் எந்தப் படிப்பு என்று கேட்டுத் தெளியுங்கள்.

அடுத்து, பழைய பாடத்திட்டத்தில் ஒரு குரூப் தேறி, திருமணத்தாலோ குடும்பச் சூழலாலோ நிறுத்திய சகோதரிகள் கவனத்துக்கு: எல்லாம் போய்விட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய தாளுக்கு ஈடான புதிய தாள் எது என்பதை நிறுவனம் வரையறுத்திருக்கிறது. பதிவுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், பதிவு எண்ணுடன் உடனே எழுதிக் கேளுங்கள். சென்னை எழும்பூரில் தென்னிந்திய மண்டலக் குழு அலுவலகமும், கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் கிளைகளும் உள்ளன.

2022 பாடத்திட்டத்துக்கான பாடநூல்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கையில் உள்ள பழைய புத்தகத்தோடு அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிட்டுப் பாருங்கள். நன்கொடையாகப் புத்தகம் தருவோர், எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்று முதல் பக்கத்தில் எழுதித் தர வேண்டுகிறோம். அந்த ஒரு வரி, அதை வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்தும்.