செல்போன் சாப்ட்வேரைக் காப்போம்

ஐதராபாத்தில் அபிட்ஸ் என்ற இடம் உண்டு. அங்கே ஜகதீஷ் மார்க்கெட் இருக்கிறது. செல்போன் வாங்கவும் பழுது பார்க்கவும் மக்கள் அங்கே போகிறார்கள்.

சில போன்கள் கீழே விழுந்திருக்காது. தண்ணீரிலும் நனைந்திருக்காது. ஆனாலும் வேலை செய்யாது. "சாப்ட்வேர் போய்விட்டது. புதிதாகப் போட வேண்டும்" என்று கடைக்காரர் சொல்வார்.

சாப்ட்வேர் என்றால் என்ன?

போன் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள்தான் சாப்ட்வேர். மணி அடிப்பதும் படம் பிடிப்பதும் அதன் சொல்படிதான்.

அதைப் புதிதாகப் போட்டால் போன் பிழைக்கும். ஆனால் உள்ளே இருந்தவை பெரும்பாலும் அழிந்துவிடும். பிள்ளைகளின் படங்கள் போகும். ஊரில் உள்ள உறவினரின் எண்களும் போகும்.

இதைத் தடுப்பது எப்படி?

1. போன் கம்பெனி சாப்ட்வேரைத் திருத்தி அனுப்பும். இதற்கு அப்டேட் என்று பெயர். இது நல்லதுதான். பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது செய்யுங்கள். முடியும் வரை போனை அணைக்காதீர்கள். நடுவில் நின்றால் சில போன்கள் மறுபடி வேலை செய்யாது.

2. போனில் இடம் நிறைந்தால் வேலை தடுமாறும். வேண்டாத வீடியோக்களை அழியுங்கள்.

3. தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள். 2024இல் கல்யாணப் பத்திரிகை போலவே மோசடிக் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வந்தன. இமாச்சலப் பிரதேசப் போலீசார் மக்களை எச்சரித்தார்கள். இத்தகைய கோப்பின் பெயர் ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். தெரிந்தவர் அனுப்பினாலும் கேட்டுவிட்டுத் திறங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

4. போனைத் திறக்கும் எண்ணை மறக்காதீர்கள். மறந்தால் எல்லாவற்றையும் அழித்துத்தான் திறக்க நேரிடும். பிறகு பல போன்கள் பழைய ஈமெயில் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும்.

நோட்டில் எழுதுங்கள்

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டு எடுங்கள். வீட்டார், உறவினர், வேலை கொடுப்பவர் எண்களை எழுதுங்கள். ஈமெயில் பெயரையும் எழுதுங்கள். பேங்க் ரகசிய எண்ணை மட்டும் எழுத வேண்டாம். போன் அழிந்தாலும் நோட்டு இருக்கும்.

பயிற்சி

1. அப்டேட் செய்யும்போது எவ்வளவு சார்ஜ் வேண்டும்?
2. மோசடிக் கோப்பை எப்படி அடையாளம் காணலாம்?
3. உங்களுக்கு முக்கியமான ஐந்து பேரின் எண்களை இன்றே நோட்டில் எழுதுங்கள்.