காற்றையும் ஒளியையும் பகிரும் சுவர்

பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் கல்லாறு. உருண்ட பாறைகளிடையே ஓடும் ஆற்றின் கரையில், மரநிழலில் சற்று நேரம் அமர்ந்தால் நடந்த களைப்பு நீங்கும். நிழலும் காற்றும் உடலுக்கு மட்டுமன்றி உள்ளத்திற்கும் ஆறுதல் தருகின்றன. கட்டடத்தின் உள்ளேயும் இத்தகைய ஆறுதலை அமைக்க இயலுமா?

கல்லாற்றிலிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் செல்வோர் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்குவர். அதனருகே உருளை வடிவில் செந்நிறக் கட்டடம் ஒன்று உள்ளது. அதுவே இந்தியன் காபி ஹவுஸ். அதனை வடிவமைத்தவர் லாரி பேக்கர் (1917–2007). அவர் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து மறைந்தவர். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

அக்கட்டடத்தின் தளம் திருகுபோலச் சுற்றிச் சுற்றி மெல்ல உயர்கிறது. மேசைகளும் இருக்கைகளும் வெளிச்சுவரை ஒட்டியே கட்டப்பட்டுள்ளன. அச்சுவரில் வரிசை வரிசையாகத் துளைகள் உள்ளன. அவற்றின் வழியே வெயிலின் கூர்மை குறைந்து ஒளி வருகிறது, காற்றும் நுழைகிறது.

இவ்வமைப்பின் சிறப்பு யாது? மேசைகள் யாவும் சுவரோரம் இருப்பதால், நல்ல இடம், ஒதுக்குப்புறம் என்னும் வேறுபாடு இல்லை. மூட்டை சுமந்து வந்த தொழிலாளியும் அலுவலரும் ஒரே காற்றையும் ஒரே ஒளியையும் பெறுகின்றனர். எனினும், அசையாத இருக்கையை அவரவர் உடலுக்கேற்ப நகர்த்த இயலாது. சாய்தளத்தில் ஏறுவது முதியோர் சிலருக்குக் கடினமாகும். ஆகவே, கட்டடத்தை வரையும்போதே அதில் புழங்கும் அனைவரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே! நாம் வாழ்வது வாடகை வீடாக இருக்கலாம். ஒரே அறையாகவும் இருக்கலாம். சுவரை நம்மால் மாற்ற இயலாது. பொருள்களின் இடத்தை மாற்ற இயலும். சாளரத்தை மறைக்கும் அலமாரியை நகர்த்தினால் காற்று வரும். வலக்கையால் எழுதுவோர் இடப்புறத்திலிருந்து ஒளி விழுமாறு அமர்ந்தால், கையின் நிழல் எழுத்தின்மேல் படாது. சிறிய அறையும் அதில் வாழ்வோரை மதிக்குமாறு அமையலாம்.

சொற்பொருள்
சாளரம் – சன்னல்
சாய்தளம் – படியின்றிச் சரிவாக உயரும் தளம்
ஒதுக்குப்புறம் – பலர் கவனம் படாத மூலை
புழங்குதல் – பயன்படுத்துதல், நடமாடுதல்

பயிற்சி
1. சுவரிலுள்ள துளைகளால் விளையும் பயன்கள் யாவை?
2. அனைவர்க்கும் சமமான இடம் அங்கு எவ்வாறு அமைகிறது?
3. உம் வகுப்பறையில் ஒளியும் காற்றும் குறைந்த இருக்கை எது? அதனைச் சீர்செய்யும் வழியை ஐந்து தொடர்களில் எழுதுக.