அஞ்சறைப்பெட்டியும் பரங்கிக்காயும்

நுழையும்முன்

அடைமழை நாளில் கடைக்குச் செல்லாமல் நம் வீட்டில் எத்தனை வேளை சமைக்க இயலும்? நம் முன்னோர் இவ்வினாவிற்குரிய விடையைக் கோடையிலேயே ஆயத்தம் செய்து வைத்தனர். சமையலறைச் சேமிப்பும் பருவத்தின் விளைச்சலும் இணைந்து ஒரு குடும்பத்தைக் காக்கும் திறத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தறி நிற்கும் மாதங்கள்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது தாமல். வராகீசுவரர் கோயிலும் பரந்து விரிந்த ஏரியும் இவ்வூரின் அடையாளங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால் உழவர் மனம் குளிரும். ஆயின் அதே மழை, இப்பகுதியின் மற்றொரு தொழிலாகிய பட்டு நெசவிற்கு இடையூறாகும். குழித்தறியின் பள்ளத்தில் நீர் ஊறும். தெருவில் பாவினை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் இராது. தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றாலும் பசி நிற்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இந்த இடைவெளியைக் கடக்கவே வீடுகளில் பொருள்களைச் சேமித்து வைக்கும் வழக்கம் வேரூன்றியது. 2015ஆம் ஆண்டு நவம்பர், திசம்பர் மாதங்களில் பெய்த பெருமழை சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியபோது, மின்சாரமும் போக்குவரத்தும் தடைப்பட்டன. அந்நாள்களில் அரிசி, பருப்பு, புளி, உப்பு ஆகியவற்றை இருப்பில் வைத்திருந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. பக்கத்து வீட்டாருக்கும் ஒருபிடி சோறு கிடைத்தது.

சேமிக்கும் முறை

சேமிப்பு என்பது வாங்கிக் குவிப்பதன்று. கெடாமல் காப்பதே சேமிப்பு. தானியங்களுக்கும் பருப்புக்கும் ஈரமும் வண்டும் பகை. பங்குனி, சித்திரை வெயிலில் பருப்பை நன்கு உலர்த்தி, ஆறிய பின்னரே கலத்தில் இட வேண்டும். சூட்டுடன் மூடினால் உள்ளே நீர் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். உலர்ந்த வேப்பிலையை அரிசியுடன் இட்டு வைப்பதும், பருப்பில் சிறிதளவு ஆமணக்கெண்ணெய் பூசி வைப்பதும் வண்டினைத் தடுக்கும். கொட்டை நீக்கிய புளியை உப்புடன் அடுக்கிச் சாடியில் வைத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும். கோடையில் இட்ட வெங்காய வடகமும் கத்தரி வற்றலும் காய்கறி கிடைக்காத நாளில் குழம்பாகும்.

கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் ஆகியன அஞ்சறைப்பெட்டியில் இடம்பெறும். இவற்றின் சிறப்பினை உணரக் காஞ்சிபுரம் இட்லியே போதிய சான்று. வரதராசப் பெருமாள் கோயிலின் புகழ்பெற்ற இவ்வுணவிற்கு மணமும் சுவையும் தருவன மிளகும் சீரகமும் சுக்குமே.

“சேமிப்பதற்குக் கையில் பணம் வேண்டுமே” என்னும் வினா எழலாம். அது நியாயமானதே. நாட்கூலி பெறும் குடும்பத்தால் ஒரே நாளில் மூட்டை வாங்க இயலாது. நியாயவிலைக் கடைகளில் 2011ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் விலையில்லா அரிசி இத்தகைய குடும்பங்களுக்குப் பெருந்துணையாகும். அதனுடன் ‘பிடியரிசி’ என்னும் பழைய வழக்கமும் கைகொடுக்கும். நாள்தோறும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலத்தில் இடுதலே பிடியரிசியாகும். ஒரு பிடி 50 கிராம் எனக் கொண்டால் 30 நாள்களில் ஒன்றரைக் கிலோ சேரும்.

காத்திருக்கும் காய்

அரிசியும் பருப்பும் இருந்தாலும் காய்கறிக்கு என்ன செய்வது? கீரை ஒரே நாளில் வாடும்; கத்தரி சில நாள்களில் சுருங்கும். முற்றிய பரங்கிக்காயோ இரண்டு, மூன்று மாதங்கள் காத்திருக்கும். ஆடிப்பட்டத்தில் கூரையோரத்தில் ஊன்றிய விதை, மார்கழியில் பூவும் காயுமாகப் படரும். நகம் பதியாத தோலும் காய்ந்த காம்பும் முற்றியதன் அறிகுறிகள். காம்புடன் அறுத்த காயைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கோல் புரிமணையின்மீது வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் கூடாது. அறுத்த பின்னர்க் குடலையும் விதையையும் நீக்கி, ஓரிரு நாள்களில் சமைத்துவிட வேண்டும்.

தைப்பொங்கல் நாளில் புதுமொச்சையுடன் சேர்ந்து குழம்பாகும் பரங்கிக்காயின் இனிப்பு, அப்பருவத்திற்கே உரியது. இதன் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பீட்டா கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்பார்வைக்குத் துணை செய்கிறது. இச்சத்தினை உடல் ஏற்கச் சிறிதளவு கொழுப்பு தேவை. எனவே எண்ணெயில் தாளித்துச் சமைக்கும் நம் முறை பொருத்தமானது. பூவும் இளங்கொழுந்தும் பொரியலாகும், தோல் துவையலாகும், உலர்த்திய விதை சிற்றுண்டியாகும். இவ்வாறு வீணாகும் பகுதி ஏதுமின்றிப் பயன்படுவதும் ஒருவகைச் சேமிப்பே.

மார்கழிக் கோலத்தில் சாணத்தின்மீது பரங்கிப்பூவைச் செருகுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலரும். அடியில் சிறுபிஞ்சு தாங்கி நிற்பது பெண்பூ. நீண்ட மெல்லிய காம்புடன் மிகுதியாக மலர்வது ஆண்பூ. வண்டுகளுக்குச் சில ஆண்பூக்களை விட்டுவிட்டு எஞ்சியவற்றைப் பறித்தால், கோலமும் பொலியும், காயும் குறையாது.

ஆயுதபூசை நாளில் தெருவில் உடைத்து எறியப்படும் வெண்பூசணியையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழுக்கும் அத்துண்டுகளால் இருசக்கர வண்டிகள் சறுக்குகின்றன. ஒரு குடும்பத்தின் கூட்டும் வீணாகிறது. உடைத்த இடத்தை உடனே தூய்மை செய்தலேனும் நம் கடமையாகும்.

மழைக்குமுன் எறும்பு இரை சேர்ப்பதைப் பார்த்து வியக்கும் நாம், நம் வீட்டு அடுக்குப்பானைகளையும் அவ்வாறே பார்க்கப் பழகுவோம். வருநாளைக் குறித்த கவலையை ஒருபிடி அரிசியாகவும் ஒரு பரங்கிக்காயாகவும் மாற்றிய அறிவு அவற்றில் உறைகிறது.

தெரிந்து தெளிவோம்

பரங்கிக்காயின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’ என்னும் சொல்லே இக்காயின் பெயரில் அமைந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்தே வந்தது. வெண்பூசணி ஆசியாவிற்கு உரியது. வடதமிழ்நாட்டில் ‘பூசணி’ என்றால் வெண்பூசணியைக் குறிக்கும். தென்மாவட்டங்களில் மஞ்சள் நிறக் காயையே ‘பூசணி’ என்பர். இலங்கைத் தமிழர் வெண்பூசணியை ‘நீற்றுப்பூசணி’ என அழைப்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள பொருள்களைப் பட்டியலிட்டு, அவை எத்தனை நாள்களுக்குப் போதும் எனக் கணக்கிடுக.
2. பொருள்களைப் பாதுகாக்கும் முறைகளையும் அவற்றுக்குரிய வட்டாரச் சொற்களையும் உங்கள் பகுதி முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
3. ‘உணவை வீணாக்காமை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.