புள்ளி வைக்க ஓர் இடம்



தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயில் சமய வகுப்பில், முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதற்காக வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தோம். படிவம் 3 படிக்கும் தங்கை ஒருத்தி, நான் கொடுத்த வெள்ளைத்தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் வராதுக்கா. நான் கிரியேட்டிவ் ஆளே இல்ல. போன்லருந்து ஒன்னு எடுத்து பிரிண்ட் போட்டுக் கொண்டாந்திடுறேன்."

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அதே வார்த்தையை நானும் 12 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பள்ளியில் எனக்கு ஓவியம் என்றால் உயிர். ஒருநாள் ஓர் ஆசிரியர் என் படத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ கிண்டலாகச் சொன்னார். வகுப்பே சிரித்தது. எஸ்பிஎம் முடிந்தது, கணக்கியல் படித்தேன், வேலைக்கும் போய்விட்டேன். அதன் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் ஒரு கோடு கிழித்ததில்லை. யாராவது கேட்டால், "எனக்கு அதெல்லாம் வராது" என்று சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாட்டியின் ஞாபகம். இந்த மாதப் பாடம் பாட்டியிடமிருந்து நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டது.

பாட்டியின் வாசல்

பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். அங்கே மண் வாசல். சாணம் தெளித்து, பெருக்கி, கோலம் போட்டுவிட்டுத்தான் பால் மரம் வெட்டப் போவாராம். பிறகு நாங்கள் கிள்ளானில் பங்சாபுரிக்கு மாறினோம். நான்காம் மாடி. வாசல் என்று சொல்ல எதுவும் இல்லை. மூன்றடி அகலத்துக்குப் பொது நடைபாதை, அவ்வளவுதான். "இங்க எங்கம்மா கோலம் போடப் போறீங்க?" என்று அம்மா கேட்டார். மறுநாள் காலை கதவுக்கு முன்னால் ஓரடிக்கு ஓரடியில் ஒரு குட்டிக் கோலம் இருந்தது.

காற்று மாவை அடித்துக்கொண்டு போனால், சுண்ணக்கட்டியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு மாக்சிக் வேலைக்குப் போகும்போது அதை மிதிக்காமல் தாண்டிப் போவார். இப்படி 15 வருடம். ஒருநாள் போட்டது மறுநாள் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அதை நாங்கள் யாரும் "படைப்பு" என்று நினைக்கவில்லை. பாட்டியும் நினைக்கவில்லை. இதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மேடையில் ஆடினால், பரிசு வாங்கினால், படம் வைரலானால்தான் படைப்பாற்றல் என்று எண்ணிக்கொள்கிறோம். வீட்டு வாசலில் தினமும் நடந்ததைக் கவனிக்கவே இல்லை.

பாட்டி செய்ததில் மூன்று விஷயங்கள் இருந்தன. சங்கல்பம், விளையாட்டு, இடம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சங்கல்பம்: எதற்காக உட்காருகிறேன்?

பூஜை தொடங்கும்முன் குருக்கள் சங்கல்பம் செய்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன திதி, இன்ன இடம், இன்னார், இன்ன காரியத்துக்காக இந்தப் பூஜையைச் செய்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். நமக்கு அது புரியாத மந்திரம் போலத் தோன்றலாம். அதன் அமைப்பைப் பாருங்கள்: எப்போது, எங்கே, யார், எதற்கு. அலைபாய்கிற மனத்தைப் பிடித்து ஒரு காரியத்தில் கட்டுகிற வேலை அது.

பாட்டி மாவை எடுப்பதற்குமுன் ஒரு நிமிடம் சும்மா நிற்பார். "என்ன பாட்டி யோசிக்கிறீங்க?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "இன்னைக்கு யாருக்குப் போடுறேன்னு பாத்துக்கிறேன்" என்பார். ஒருநாள் மகாலட்சுமிக்கு. ஒருநாள் பரீட்சைக்குப் போகும் எனக்கு. ஒருநாள் காய்ச்சலில் கிடந்த மாக்சிக்கின் பேரனுக்கு.

தாளின் உச்சியில் நாம் பிள்ளையார் சுழி போடுவதும் இதே காரியம்தான். அந்தச் சிறு சுழி போட்டதும் வெற்றுத்தாள் வெற்றுத்தாளாக இல்லை, தொடங்கியாயிற்று. வெள்ளைத்தாளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன நல்ல மருந்து.

ஒன்றைக் கவனியுங்கள். "நான் அழகாகப் போட வேண்டும்" என்று பாட்டி சங்கல்பம் செய்ததில்லை. "நான் இதை இன்னாருக்காகப் போடுகிறேன்" என்றுதான் நினைத்தார். முதல் எண்ணம் நம்மைப் பற்றியது. அதில் பயம் தானாக வரும். இரண்டாவதில் பயத்துக்கு அவ்வளவு இடமில்லை. என் படத்தைப் பார்த்து வகுப்பு சிரித்த நாளில் என் கவனமெல்லாம் என்மேலேயே இருந்தது. அதனால்தான் அந்தச் சிரிப்பு இத்தனை வருடம் தங்கிவிட்டது.

2. விளையாட்டு: போட்டுப் பார்

உலகத்தை இறைவன் ஏன் படைத்தான்? அவனுக்கு எந்தக் குறையும் இல்லையே? இந்தக் கேள்விக்கு பிரம்ம சூத்திரம் சொல்லும் பதில், லீலை. ஏதோ தேவைக்காக இல்லாமல் விளையாட்டாகவே படைத்தான் என்பது பொருள். மதுரையில் சிவபெருமான் நிகழ்த்தியதாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய 64 நிகழ்ச்சிகளுக்கும் பெயர் திருவிளையாடல். கடவுளின் படைப்பையே விளையாட்டு என்று சொல்லும் சமயத்தில் பிறந்துவிட்டு, நாம் ஒரு வாழ்த்து அட்டை செய்யப் பயப்படுகிறோம்!

ஆனால் விளையாட்டு என்றால் இஷ்டத்துக்கு ஆடுவது என்று பொருளில்லை. பூப்பந்துக்கும் கோடு உண்டு, வலை உண்டு. கோலத்திலும் அப்படித்தான். புள்ளிகளை நேருக்கு நேர் வைத்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளி வந்தால் ஊடுபுள்ளி. "7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி" என்றால் நடுவரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளிகள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர வேண்டும். விதி இவ்வளவுதான். இதற்குள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

பாட்டி அடிக்கடி ஒரு வேலை செய்வார். தெரிந்த கோலத்தில் வேண்டுமென்றே ஒரு வரிசையைக் கூட்டிப் போடுவார். "என்ன ஆவுதுன்னு பாப்போம்." சில நாள் அழகாக வரும். சில நாள் சிக்கிக்கொள்ளும். சிரித்துவிட்டுத் துடைத்துவிடுவார்.

நீங்களும் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். 2 வரிசை, வரிசைக்கு 3 நேர்ப்புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒருமுறை குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முடிந்துவிடும். இப்போது 3-க்கு 3 போடுங்கள். ஒரே கோட்டில் வராது. மூன்று தனித்தனிக் கோடுகள் தேவைப்படும். 3-க்கு 4? மறுபடியும் ஒரே கோடு. 4-க்கு 6? இரண்டு. இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் மிகப் பெரியது எதுவோ, அத்தனை கோடுகள்! கணக்கில் படித்தது வாசலில் கிடக்கிறது.

இதை ஆராய்ச்சியாளர்களும் விட்டுவைக்கவில்லை. 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனியும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலங்களை எடுத்துக்கொண்டு, ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோல் அவற்றுக்கு விதிகள் எழுதினார்கள். கணினி அறிவியலில் அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பாட்டிமார் விரல் நுனியில் வைத்திருந்த விதிகள் அவை.

இன்னொன்று. கோலம் நிலைக்காது. அரிசி மாவை எறும்பு தின்னும், காலால் மிதிபடும், மறுநாள் தண்ணீர் அடித்துவிடும். அதனால்தான் பாட்டிக்குத் தவறு செய்யப் பயமில்லை என்று இப்போது நினைக்கிறேன். நாமோ எதைச் செய்தாலும் படம் பிடித்து வெளியிட்டு, எத்தனை லைக் என்று எண்ணுகிறோம். பிறகு விளையாட்டு எங்கிருந்து வரும்? வாரத்தில் ஒன்றாவது யாருக்கும் காட்டாமல் செய்து, நீங்களே அழித்துவிடுங்கள்.

3. இடம்: ஒரு மூலை போதும்

"எனக்குத் தனி ரூம் இல்லக்கா, மேசை இல்லக்கா" என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இடத்துக்கு எங்கே போவது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். எவ்வளவு சின்ன வீடாக இருந்தாலும் நாம் சாமிக்கு இடம் வைக்காமல் இருக்கிறோமா? ஒரு பலகை, ஒரு விளக்கு, இரண்டு படம். அங்கே போய் நின்றதும் கை தானாகக் கூப்புகிறது. இடம் பெரியதாக இருப்பதால் அது நடக்கவில்லை; அந்த இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாததால் நடக்கிறது.

கணித மேதை இராமானுஜன் கும்பகோணத்து வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தாள் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். நாமக்கல் நாமகிரித் தாயாரே தமக்கு வழிகாட்டுவதாக நம்பியவர் அவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் கணித உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அப்போது அவர் சென்னைத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா. ஒரு திண்ணையும் ஒரு சிலேட்டும் அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருக்கின்றன.

பாட்டியின் "ஸ்டூடியோ" ஒரு பழைய மைலோ டின். உள்ளே கோலமாவு, சுண்ணக்கட்டி, ஒரு துணி, கோலம் வரைந்து வைத்த பள்ளி நோட்டு. இருப்பது செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். அதை யாரும் தொடக்கூடாது. நான் பேனா தேடி அதைத் திறந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

நவராத்திரியில் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களையும் கருவிகளையும் வைத்து வணங்குகிறோம். லோரி ஓட்டுபவர் லோரிக்குச் சந்தனம் வைக்கிறார், மெக்கானிக் ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறார். கருவிக்கு மரியாதை, அதற்கென்று ஓர் இடம், ஒருநாள் ஓய்வு, விஜயதசமியில் மறுபடி தொடக்கம். வருடத்துக்கு ஒருமுறை செய்யும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் செய்தால் போதும்.

அந்த மாலை

போன வருடம் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. பேச்சும் குழறும். அன்றிலிருந்து ஏழு மாதம் எங்கள் வாசல் வெறுமையாக இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன். எனக்கு வராது என்று நானே முடிவு செய்திருந்தேன், அதனால் கேள்வியே எழவில்லை.

வகுப்பு முடிந்து வந்த அந்த ஞாயிறு மாலை, செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலிருந்து டின்னை எடுத்தேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. பாட்டியைச் சக்கர நாற்காலியோடு கதவருகே கொண்டுவந்து நிறுத்தினேன். பாட்டிக்காக என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு புள்ளி வைத்தேன். 5 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளி. 13 புள்ளிதான். கை நடுங்கியது. கோடு தடிப்பும் மெலிவுமாக ஓடியது. கடைசியில் பார்த்தால் ஒரு புள்ளி சுற்றப்படாமல் தனியாக நிற்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஏழு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. பள்ளியில் கேட்ட சிரிப்புக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இடது கையை மெதுவாகத் தூக்கி, விட்டுப்போன புள்ளியைக் காட்டி, "போடு... போட்டுப் பாரு" என்றார்.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதுவும் பிரமாதமாக வந்துவிடவில்லை. ஆனால் இப்போது வேலைக்குப் போகும்முன் 15 நிமிடம் எனக்கும் அந்த மூன்றடி நடைபாதைக்கும்தான். பாட்டி நாற்காலியில் இருந்து மேற்பார்வை.

அடுத்த ஞாயிறு அந்தத் தங்கைக்கு இந்தக் கதையைச் சொல்லி, 2-க்கு 3 புள்ளி வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கோணலாக, ஆனால் ஒரே கோட்டில் போட்டு முடித்தாள். கொஞ்சநேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, 5-க்கு 7 போட்டா ஒரே கோடா வருமா?"

"போட்டுப் பாரு" என்றேன்.

இந்த வாரப் பயிற்சி

• வீட்டில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். இடமே இல்லையென்றால் ஒரு டின் அல்லது பெட்டி. உங்கள் கருவிகள் அதில் மட்டும்தான் இருக்க வேண்டும். கோலம்தான் என்றில்லை, பாட்டு எழுதலாம், பூ கட்டலாம், புதுச் சமையல் செய்யலாம், நிரல் எழுதலாம்.

• ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம். கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

• தொடங்கும்முன் பிள்ளையார் சுழி போட்டு, இன்று யாருக்காகச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்.

• ஒரு விதி வைத்துக்கொண்டு விளையாடுங்கள்: ஒரே நிறம், நான்கே வரி, மூன்றே பொருள் என்பதுபோல.

• ஏழில் மூன்றையாவது யாருக்கும் காட்டாமல் அழித்துவிடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. "எனக்கு வராது" என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? எப்போதிலிருந்து?

2. உங்கள் வீட்டில் தினமும் ஒன்றைப் படைப்பவர் யார்? அதை என்றாவது பாராட்டியிருக்கிறீர்களா?

3. சங்கல்பத்தில் "எதற்காக" என்பது மாறினால், செய்யும் வேலை எப்படி மாறுகிறது?

இரண்டாம் கேள்விக்கான பதிலை வகுப்பில் மட்டும் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய் அவரிடமே சொல்லுங்கள்.