கடை வாசல் தொட்டிச் செடிகளுக்கு வரும் பூச்சிகள்



நம்மவர் கடைகளின் முன்னால், ஐந்தடி நடைபாதை ஓரத்தில், ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் லிமாவ் கஸ்தூரித் தொட்டியும் இருப்பது வழக்கம். காய்கறி வாங்க வருவோர்க்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கிள்ளிக் கொடுப்பதும் வழக்கம். இந்தச் செடிகளுக்குப் பூச்சி வந்தால் செய்ய வேண்டியது என்ன என்பதே இன்றைய பாடம்.

2019ஆம் ஆண்டில் நாம் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் கறிவேப்பிலைச் செடியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. எறும்பும் சாரையாக ஏறிற்று. எறும்புதான் செடியைக் கெடுக்கிறது என்று எண்ணி, கொசு மருந்து டின்னை எடுத்து அடித்துவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் கடைப் பையன், விவரம் அறியாமல், அதே செடியில் ஒரு கொத்துப் பறித்து ஓர் அம்மாவின் பையில் வைத்துவிட்டான். தெரிந்ததும் பதறிப்போனோம். பேருந்து நிறுத்தம் வரை ஓடி, "அம்மா, அந்த இலையைக் கொடுத்துவிடுங்கள், மருந்து அடித்தது" என்று கேட்டு வாங்கினோம். "நல்ல வேளை தம்பி, சொன்னீங்க" என்றார் அவர். நமக்குத்தான் வெட்கம். இரண்டு நாளில் தளிரெல்லாம் கருகின. வெள்ளைப் பூச்சியோ அடுத்த மாதமே திரும்பி வந்தது.

பூச்சி இன்னதென்று அறியாமல் மருந்தைத் தூக்கியதே பிழை. ஆகவே அறியும் வகையை முதலில் பார்ப்போம்.

1. மாவுப்பூச்சி: இலைக்காம்பு தண்டில் சேரும் இடுக்கில் பஞ்சு போல் ஒட்டியிருக்கும். அந்தப் பஞ்சுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும்.

2. செதிள் பூச்சி: தண்டில் பழுப்பு நிறப் பொட்டுகள் போலத் தெரியும். தண்டின் மச்சம் என்றே எண்ணத் தோன்றும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது பூச்சி.

3. அசுவினி: பச்சையாகவோ கறுப்பாகவோ தளிரில் கூட்டமாக மொய்க்கும். இலை சுருளும்.

4. சிலந்திப்பேன்: கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலையில் மஞ்சள் புள்ளிகள் விழும். அடியில் மெல்லிய வலை இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அதுவேதான். மழைச் சாரல் படாத கூரையடிச் செடிக்கு இது அதிகம் வரும்.

5. கம்பளிப்புழு போன்றதல்ல, மொழுமொழுவென்ற ஒரு புழு: சிறியதாக இருக்கையில் பறவை எச்சம் போலவும், வளர்ந்தபின் இலைப் பச்சையாகவும் இருக்கும். வண்ணத்துப் பூச்சியின் புழு இது. கையால் எடுத்து அகற்றினால் போதும், மருந்து வேண்டாம்.

எறும்பு இவற்றில் சேராது. முதல் மூன்று பூச்சிகளும் செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான நீரைக் கழிக்கின்றன. அதைக் குடிக்கவே எறும்பு வருகிறது. அப்பூச்சிகளுக்குக் காவலும் இருக்கிறது. இலையில் படியும் கரும்பூஞ்சணமும் அந்த இனிப்பு நீரில் வளர்வதே. செடியில் எறும்பு ஏறக் கண்டால், இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இனி, போக்கும் வகை.

முதலில் அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து ஒதுக்கி வையுங்கள். அதிகம் பற்றிய கிளையை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மற்ற இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அசுவினிக்கும் சிலந்திப்பேனுக்கும் பெரும்பாலும் இதுவே போதும். செதிள் பூச்சியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள்.

அதன்பின்னும் மிஞ்சினால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பைக் கலந்து, முதலில் இரண்டொரு இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை வாடாவிட்டால் மாலை வேளையில் முழுச் செடிக்கும் தெளித்து, சில மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சோப்பு நீர் பட்ட பூச்சியைத்தான் கொல்லும்; முட்டையைக் கொல்லாது. ஆகையால் வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்தல் வேண்டும். ஒரு முறையோடு விடுவதால்தான் பூச்சி திரும்பி வருகிறது.

பொறிவண்டைக் கண்டால் விட்டுவிடுங்கள். அது அசுவினியைத் தின்னும் நண்பன். எறும்பைத் தடுக்கத் தொட்டியின் கீழ்த் தட்டில் தண்ணீர் கட்டுவோர் உண்டு. அது கூடாது. தேங்கிய நீரில் ஒரு வாரத்திலேயே டிங்கிக் கொசு வளர்ந்துவிடும். தொட்டி நிற்கும் முக்காலியின் கால்களில் வாசலின் தடவினால் போதும்.

கொசு மருந்து டின் செடிக்கு உரியதன்று. அதிலுள்ள எண்ணெய் இலையைக் கருக்கும்; உண்ணும் இலையில் நஞ்சும் தங்கும். பொறிவண்டும் சாகும்.

இப்போது நம் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எது தெளித்தாலும் அந்தச் செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம். துணி இருக்கும்வரை யாரும் அதில் கிள்ளக்கூடாது என்று பையன்களுக்கும் சொல்லியிருக்கிறோம். செலவில்லாத இந்த ஏற்பாட்டை நீங்களும் செய்யுங்கள்.

இனாமாகக் கொடுக்கும் கொத்துக்குப் பில் கிடையாது. ஆனாலும் நம் கையை நம்பித்தான் அதைக் குழம்பில் போடுகிறார்கள். தராசில் நிறுத்துக் கொடுக்கும் சரக்குக்கு நாம் எவ்வளவு பொறுப்போ, அவ்வளவு பொறுப்பு அதற்கும் உண்டு.