மருந்தாளர் தொழிலை நாடும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், உயிரியல் பிரிவிற் கற்ற பிள்ளையின் வீட்டிலே எழும் முதற் கேள்வி, "மெடிசின் கிடைக்குமா?" என்பதே. கிடையாதென்று அறிந்த பின்னரே பெற்றோர் பலர் பாமசி என்ற சொல்லை எடுக்கின்றனர். ஆறுதற் பரிசு போல அதைப் பிள்ளையின் கையிற் கொடுப்பது நல்லதன்று.

தட்டிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுப்பதுதான் மருந்தாளரின் வேலை என்று எண்ணுகிறீர்களா? ஒரு கணக்கைப் பாருங்கள். குழந்தைகளுக்கான பரசிற்றமோல் பாணி மருந்தில், 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் கொண்ட போத்தலும் உண்டு. 250 மில்லிகிராம் கொண்டதும் உண்டு. "ஒரு கரண்டி கொடுங்கோ" என்று மட்டும் சொல்லி ஒன்றுக்குப் பதிலாக மற்றதைக் கொடுத்தால், குழந்தைக்கு இரு மடங்குக்கு மேல் மருந்து போய்விடும். மூட்டுவாதத்திற்குக் கொடுக்கப்படும் மெதொற்றெக்சேற் இன்னும் பொல்லாதது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய அக்குளிசையைத் தினந்தோறும் விழுங்கியதால், என்புமச்சை பழுதுபட்டு இறந்தவர்கள் பல நாடுகளிலும் உளர். எந்தக் கிழமை என்று உறையில் எழுதி, அதை நோயாளியைக் கொண்டே திருப்பிச் சொல்லுவிப்பவர்தான் மருந்தாளர். சிட்டையிற் பிழை கண்டால் வைத்தியரிடமே கேட்கும் துணிவும் அவருக்கு வேண்டும். (கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இதைக் கவனிக்க.)

ஏழை வீடுகளுக்கும் இவரால் நன்மை உண்டு. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில், பல விலைகளில் வருகிறது. இதனை நன்குணர்ந்த பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் நம் நாட்டில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் எழுந்தது. மருந்தின் மூலப் பெயரை அறிந்தவரே விலை குறைந்ததை நம்பிக் கொடுக்க வல்லவர்.

யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. இரசாயனத்தை வெறுக்கும் பிள்ளை இதற்குள் நுழையாதிருப்பதே மேல். தேறியவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு செய்ய வேண்டும். அரச வைத்தியசாலை, தனியார் மருந்தகம், மருந்து உற்பத்தி, தரப் பரிசோதனை எனப் பல துறைகளில் இவர்களுக்கு வேலை உண்டு.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளரின் மேற்பார்வையிலேயே மருந்து விற்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆயினும் சான்றிதழைக் கடைச் சுவரிலே தொங்கவிட்டு, மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கமே வராதிருப்போரும் உளர். உங்கள் பிள்ளையிடமும் இப்படிக் கேட்டு வருவார்கள். வீட்டிலிருந்தே பணம் வருகிறதே என்று நீங்களும் மகிழக்கூடும். அங்கே பயிற்சியற்ற பையன் ஒருவன் மாற்றிக் கொடுக்கும் குளிசைக்குப் பதில் சொல்ல வேண்டிய பெயர் உங்கள் பிள்ளையின் பெயரே.

விண்ணப்பிக்கு முன், தெரிந்த மருந்தாளர் ஒருவரின் அனுமதி பெற்று, ஒரு மாலைப் பொழுது அவர் அருகில் நின்று பார்க்கப் பிள்ளையை அனுப்புங்கள். காய்ச்சற் காலமாயின் இன்னும் நல்லது.