ஒப்பந்தமும் டிக்ரியும்

திருப்பதியில் பயிலும் தமிழ் மாணவர் பலரும் சித்தூர்ப் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காயை அறிவர். தெலுங்கில் அதனைத் தோத்தாபுரி என்பர். பருவம் வந்தால் அது லாரி லாரியாக மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. 2025-இல் விலை வீழ்ந்தபோது, கிலோவுக்குத் தொழிற்சாலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதென ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாய் தங்களுக்குக் கிட்டவில்லை என்று உழவர் பலர் முறையிட்டனர்.

அரசு அறிவித்த விலை வேறு. ஒப்பந்த விலை வேறு. இருவரும் எதற்கு உடன்பட்டனர் என்பதையே நீதிமன்றம் முதலில் கேட்கும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. ஆயின் அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்?

பிற நாடுகளில் நிலை என்ன என்று பார்ப்போம். உலக வங்கியின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை, ஒப்பந்த வழக்கு ஒன்று முடிந்து பணம் கைக்கு வரச் சிங்கப்பூரில் 164 நாளும் இந்தியாவில் 1,445 நாளும் ஆகும் என்றது. இந்தியக் கணக்கு மும்பை, டில்லி இரண்டையும் கொண்டு போட்டது. சித்தூர் முன்சீப் கோர்ட்டை எவரும் அளக்கவில்லை. புள்ளிவிவரக் குளறுபடி வெளிப்பட்டு, 2021-இல் அவ்வறிக்கையே நிறுத்தப்பட்டது. ஆகவே இவ்வெண்களை வேதவாக்காகக் கொள்ளற்க.

முறைகளில் உள்ள வேறுபாடே நமக்குப் பயன்படும். ஒப்பந்தம் மீறப்பட்டால் இங்கிலாந்தில் வழக்கமான பரிகாரம் நட்டஈடு. சொன்னதைச் செய் என்று கட்டளையிடுவது நீதிபதியின் விருப்பம். ஜெர்மனியிலோ, சொன்னதைச் செய்யுமாறு கேட்பதே முதல் உரிமை. இங்கிலாந்தின் வழி நின்ற நாம் 2018-இல் சட்டத்தைத் திருத்தி, நீதிபதியின் அவ்விருப்பத்தைப் பெரிதும் குறைத்தோம். நிலம் வாங்குவோர்க்கு இது பெரும்பேறு. மாங்காய்க்காரருக்கு? காய் அழுகிய பின் அதனை எடுத்துக்கொள் என்று கட்டளையிட்டு யாது பயன்? அவர் வேண்டுவது பணம்.

பணத்திற்கு ஜெர்மனியில் எளிய வழி ஒன்று உண்டு. பணம் வரவேண்டியவர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், நீதிமன்றம் விசாரணையின்றியே ‘பணத்தைக் கட்டு, அல்லது மறுப்புச் சொல்’ என்று எதிரிக்கு உத்தரவு அனுப்பும். இரண்டு வாரத்திற்குள் மறுப்பு வராவிடில், அடுத்து ஜப்திக்கு வழிசெய்யும் உத்தரவைப் பெறலாம். மறுத்தால் மட்டுமே வழக்கு.

நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளையும் சுருக்க விசாரணைக்கு இடந்தருகிறது. ஆயினும் அதற்கு எழுத்து ஒப்பந்தமோ, உண்டியல், புரோநோட்டு போன்ற பத்திரமோ வேண்டும். வாய்ப்பேச்சில் காயை இறக்கியவர் அங்கே நுழைய இயலாது. எடை மட்டும் குறித்த சீட்டு விலைக்குச் சான்றாகாது.

சரி, டிக்ரியே கிடைத்துவிட்டது என்று கொள்வோம். இந்தியாவில் வழக்காடுவோரின் தொல்லை டிக்ரி பெற்ற பின்னரே தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னதும் அதே 1872-இல்தான்! நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்திற்குள் முடிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021-இல் ஆணையிட வேண்டியதாயிற்று. தொழிற்சாலை கிருஷ்ணகிரியில் இருந்து, சித்தூரில் அதற்குச் சொத்து இல்லையாயின், சித்தூரில் பெற்ற டிக்ரியை அவ்வூர் நீதிமன்றத்திற்கு மாற்றி அனுப்பிய பின்னரே அங்கு அமீனா ஜப்திக்குப் புறப்படுவார்.